துடைத்த பலகையை மறுபடி துடைப்பவர்

கோகிலவாணி டீச்சர் ஒரு குழந்தையிடம் கேள்வி கேட்டால், கேட்ட உடனே திரும்பிக் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். பலகையில் எழுத்து இருந்தால் சரி. பல நாள் அதில் ஒன்றுமே இருக்காது. அப்போதும் டஸ்டரை எடுத்து மேல் மூலையிலிருந்து நிதானமாகத் துடைத்துக்கொண்டு வருவார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் குழந்தை யோசிக்கும். கால் கட்டைவிரலால் தரையைக் கீறும். பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். பிறகு மெல்லிய குரலில் பதில் வரும். பதில் வந்த பிறகுதான் டீச்சர் திரும்புவார்.

வடக்கனந்தலைத் தாண்டி மலைக்குப் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான் வேலை செய்கிறேன். முதலில் கூட்டிப் பெருக்கத்தான் வந்தேன். அரசின் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு சமைக்கும் வேலையும் சேர்ந்தது. பாத்திரம் கழுவும் குழாய், ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. அதனால் டீச்சரின் இந்தப் பழக்கத்தைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஆரம்பத்தில் அவருக்குச் சுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி என்று நினைத்தேன். ஒருநாள் நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா தங்கமணிக்கா, சும்மா இருக்கிற போர்ட இவ எதுக்குத் தொடைக்கிறான்னு பாக்கறீங்களா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எதுர்ல நின்னு மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா, தெரிஞ்சது கூட மறந்துபூடும்க்கா. சின்னதுல எனக்கு அப்டித்தான். வாத்தியார் என்னப் பாத்தா போதும், என் பேரு கூட வராது."

ஐந்தாவதோடு நின்றுபோன எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் மறுபடி அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

டீச்சருக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். அப்பா அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும், அது இல்லாத நாளில் பூப் பறிக்கவும் போனவர்கள். அவரைப் படிக்க வைத்தது யார் என்று கேட்டால், "யாரும் நிறுத்தல, அதனால படிச்சேன்" என்பார். கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தார். அங்கிருந்து தினம் பஸ்ஸில் வருகிறார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் புளியங்கொட்டை, பாட்டில் மூடி, ஐஸ் குச்சி, உடைந்த வளையல் எல்லாம் இருக்கும். எண்ணக் கற்றுக்கொடுக்க. ஒருமுறை பஸ்ஸில் பை கவிழ்ந்து புளியங்கொட்டை எல்லாம் கீழே உருண்டு, கண்டக்டர் உட்பட எல்லோரும் பொறுக்கிக் கொடுத்தார்களாம். பாட்டு அவருக்கு வராது. ஆனாலும் பாடுவார். பிள்ளைகள் அதைவிட மோசமாகப் பாடுவதால் யாருக்கும் தெரியாது. மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் ஒருமுறை ஜன்னல் வழியாகக் கையை விட்டு எழுத்து அட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டன. அன்று முதல் ஜன்னல் ஓரத்தில் பாடப்பொருள் எதுவும் வைப்பதில்லை. அங்கே என்னைத்தான் காவலுக்கு வைத்திருப்பதாக ஒருநாள் சொல்லிச் சிரித்தார்.

அந்த அறையில் மூன்று பாய் விரித்திருக்கும். வயது வேறு, வகுப்பு வேறு என்றாலும், எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்துத்தான் பாய். எழுத்துகளை இப்போதுதான் பழகுகிற பிள்ளைகள் அரும்பு. சொல் படிக்கிறவர்கள் மொட்டு. வாக்கியமும் கதையும் படிக்கிறவர்கள் மலர். எல்லாப் பள்ளிக்கும் அதுதான் முறை. ஒரு குழந்தை ஒரு பாயிலிருந்து எழுந்து அடுத்த பாய்க்குப் போகும் நாளில் எல்லோரும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் கேட்டால் நான் குழாயை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

போன வருஷம் ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்புக்கு ஒரு பெண் புதிதாக வந்தாள். பெயர் ஜீவா. அதுவரை மலை அடிவாரத்தில் அம்மாவின் ஊரில் படித்தவள். அப்பா அம்மாசி கரும்பு லோடு ஏற்றுகிறவர். அம்மா ஜெயம்மாள், சுப்புராயன் என்பவரின் பூக்கொல்லையில் முல்லை பறிக்கிறவள். விடியற்காலையில் ஜீவாவும் அம்மாவோடு போய்க் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூவைத் தரம் பிரித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். உப்புமாவுக்குத் தட்டை நீட்டும்போது அவள் கையிலிருந்து முல்லை வாசனை வரும்.

முதல் வாரம் டீச்சர் எல்லோரையும் படிக்க வைத்துப் பார்த்தார். ஜீவாவுக்கு ஒன்றுமே வரவில்லை. அவளை அரும்புப் பாயில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார். மற்றப் பெரிய பிள்ளைகள் அங்கே உட்கார வெட்கப்படுவார்கள். இவள் பாயின் நடுவில் சம்மணம் போட்டு, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததுபோலச் சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டாள்.

ஜூன் போனது, ஜூலை போனது. சின்னச் சின்னப் பிள்ளைகள் பலர் அடுத்த பாய்க்கு எழுந்து போனார்கள். ஜீவா அங்கேயே இருந்தாள். மணலில் எழுதச் சொன்னால் கோலம் போட்டாள். சொல் அட்டையைக் காட்டினால், "தெரில டீச்சர்" என்றாள். டீச்சர் திரும்பிப் பலகையைத் துடைத்துப் பார்த்தார். ஒருமுறை, இருமுறை, மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். பின்னாலிருந்து அதே குரல்தான் வந்தது. "தெரில டீச்சர்." அவருடைய பழக்கம் தோற்றுப்போன ஒரே பிள்ளை அவள்தான்.

"எங்கியோ நான் தப்புப் பண்றேன்க்கா" என்றார் ஒருநாள், டீ குடித்துக்கொண்டே. "கண்ணப் பாத்தா தெரிஞ்ச மாரி இருக்குது. வாயத் தொறந்தா தெரிலங்குது."

ஆகஸ்டில், மலையில் மழை கறுத்து நின்ற ஒரு மத்தியானம், அம்மாசி பள்ளிக்கு வந்தார். பின்னால் ஜெயம்மாள்.

"டீச்சரம்மா, ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க. கூட சேர்ந்த ஒண்ணாங்கிளாஸ் பசங்கள்ளாம் பஸ் போர்டு படிக்குது. இது படிக்கல. திருக்கோவிலூர்ல எங்க அக்கா வூடு இருக்குது. அங்க பெரிய ஸ்கூலு. காலாண்டு லீவுல கொண்டு போய் உட்டுடலாம்னு இருக்கேன். டீசி மட்டும் குடுத்துடுங்க."

"பரீட்ச முடியட்டும்ணா. கொஞ்சம் டைம் குடுங்க."

"குடுத்துக்கினுதான இருக்கோம்."

அம்மாசி பீடியைக் காதில் செருகிக்கொண்டு வெளியே போனார். ஜெயம்மாள் மட்டும் குழாய்க்குப் பக்கத்தில் வந்து நின்று, முகம் கழுவுவதுபோல ரொம்ப நேரம் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"ஒத்தப் பொண்ணுக்கா" என்றாள். "படிக்கலன்னா கூடப் பரவால்ல. கண்ணு முன்னால இருந்தா போதும். அவரு கேக்க மாட்டேங்கிறாரு."

நான் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஜன்னலுக்குள் ஜீவா அரும்புப் பாயில் உட்கார்ந்து பாட்டில் மூடிகளை அடுக்கிக்கொண்டு இருந்தாள். அவளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அன்றைக்கு மூடிகள் சரியாகவே நிற்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் சந்தை விளையாட்டு. கூட்டல், கழித்தல் பாடத்துக்காக ஒவ்வொரு வருஷமும் நடப்பது. பாய்களைச் சுருட்டிவிட்டுப் பிள்ளைகள் கடை போடுவார்கள். காகிதத்தில் வெட்டிய ரூபாய்த் தாள். வீட்டிலிருந்து கொஞ்சம் கத்திரிக்காய், கொஞ்சம் மல்லாட்டை, கொய்யா. மலர்ப் பாயின் தமிழழகன் சட்டையில் பேனா செருகி, சந்தை வரி வசூல் பண்ணுகிறவனாக மிடுக்காகச் சுற்றினான். ஜீவா ஒரு முறம் நிறைய முல்லை கொண்டு வந்திருந்தாள்.

கடையைத் திறந்ததும் அந்தப் பெண் வேறு ஆளாகிவிட்டாள். முறத்தை மடியில் வைத்து, விரல் ஓட ஓடப் பூவைப் பிரித்தாள். மூடிய அரும்பு ஒரு பக்கம். கொஞ்சம் பருத்தது இன்னொரு பக்கம். விரிந்ததை எடுத்து முதுகுக்குப் பின்னால் வீசினாள். கத்திரிக்காய்க் கடையில் எழுதி வைத்திருந்த விலையைத் தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் படித்துவிட்டு, "இன்னாடா, கால் கிலோ இந்த வெலைன்னு எழுதிக்கீற? ஊரக் கொள்ள அடிக்கிறியா?" என்று சத்தம் போட்டாள். மீதிச் சில்லறையை எண்ணாமல் கொடுத்தாள், சரியாக இருந்தது. ஒரு அட்டையில், 'புது முல்லை அரும்பு, பேரம் கிடையாது' என்று எழுதி முறத்தில் செருகினாள்.

டீச்சர் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மா கடக்காரம்மா, இத யாரு எழுதிக் குடுத்தது?"

"நாந்தான்" என்று சொன்ன பிறகுதான் ஜீவாவுக்கு எங்கே இருக்கிறோம் என்று ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"அடிப்பாவி! இவ்ளோ தெரிஞ்சு வெச்சிக்கினா அரும்புப் பாய்ல உக்காந்துக்கினு இருக்க? அப்பவே மலருக்குப் போயிருக்கலாமே."

"வேணாம் டீச்சர்."

"ஏன் வேணாம்?"

ஜீவா தரையைப் பார்த்தாள். டீச்சர் எழுந்து, திரும்பி, டஸ்டரை எடுத்தார். மேல் மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

"அரும்புக்குத்தான் டீச்சர் வெல" என்றாள் ஜீவா, டீச்சரின் முதுகிடம். "மொட்டுன்னா பருத்துபூடும், சாயங்காலத்துக்குள்ள வாய் உட்டுடும். பாதி வெலதான் குடுப்பாங்க. மலந்துச்சுன்னா கடக்காரு கையால கூடத் தொட மாட்டாரு. குப்பையில போட்டுருவாங்க. ஸ்கூலுக்கு வந்த மொத நாள் காலைல எங்கம்மா சொல்லிச்சு, அரும்பாப் பாத்துப் பறி, மலந்தத உட்டுடுன்னு. நீங்க என்ன நல்ல பாய்ல உக்கார வெச்சீங்க. நான் எதுக்கு எந்திரிச்சுப் போவணும்?"

பூக்கொல்லையே இல்லாத பழைய ஊரில் இதெல்லாம் அவளுக்குத் தெரியாது; இங்கே வந்த முதல் நாளே அப்படி முடிவு பண்ணிவிட்டாளாம். படித்துக் காட்டுகிறவர்களை மொட்டுக்கும் மலருக்கும் அனுப்புகிறார்கள் என்று பார்த்ததும், தன் முறை வந்தபோது ஒன்றும் தெரியாததுபோல நின்றுவிட்டாள். சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக மொட்டுக்குப் போனபோது, பாவம், விலை குறைகிறது என்று நினைத்துக்கொண்டாளாம். கை தட்டுவது கூட அவர்களைத் தேற்றுவதற்காக என்று எண்ணியிருக்கிறாள்.

டீச்சர் திரும்பவே இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாரோ என்று நான் ஜன்னலை நெருங்கிப் பார்த்தேன். டஸ்டரால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டு இருந்தார். முகமெல்லாம் சாக்பீஸ் தூள்.

அதற்குள் தமிழழகன் சந்தை வரியை மறந்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். முகம் வாடிப்போய் இருந்தது.

"அப்ப நான் குப்பையா டீச்சர்?"

மலர்ப் பாயில் உட்காருகிற எல்லோரும் அவன் பின்னால் வந்து நின்றார்கள். பூக்கொல்லைக்குப் போகாத வீடு எங்கள் ஊரில் கம்மி. ஜீவா சொன்னது உண்மை என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு நாள் யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"யாரும் குப்ப இல்லடா, பாய்க்கு ஒரு பேரு வெச்சது, அவ்ளோதான்" என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். யாரும் சமாதானம் ஆகவில்லை. கடைசியில், "சரி, ரிஜிஸ்டர்ல இருக்கிறது இருக்கட்டும். நம்ம பாய்க்கு நீங்களே பேரு வைங்க" என்றார்.

எலி, பூனை, யானை என்றான் ஒருவன். எலியாக இருக்க யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மினி பஸ், டவுன் பஸ், மலை பஸ் என்றான் இன்னொருவன். மலை பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும் என்று அதுவும் போனது. தமிழழகன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கரண்டியும் கையுமாக நான் நின்றிருந்தேன்.

"பொங்கல் டீச்சர்! மேல் பாய் பொங்கல்! நடுவுல கிச்சடி!"

"கீழ?"

"உப்புமா!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

டீச்சர் என்னைப் பார்த்து, "அக்கா, கோச்சுக்காதீங்க" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த உப்புமா நாளில் வெங்காயமும் கடுகும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுத் தாளித்தேன். கீழ்ப் பாயின் கண்ணகி, ஒன்றாம் வகுப்புக் குட்டி, தட்டை வழித்துவிட்டு, "எனக்கு உப்புமாதான் புடிக்கும், நான் போமாட்டேன்" என்றாள். ஜீவாவே அவளைத் திட்டினாள். "லூசு, படிச்சா பொங்கலுக்குப் போலாம்டி."

சந்தை விளையாட்டுக்கு மறுநாள் காலை மணி அடித்ததும் ஜீவா நேராகப் போய்ப் பொங்கல் பாயில் உட்கார்ந்தாள். டீச்சர் கதைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினார். எங்கேயும் நிற்காமல் ஒரு பக்கத்தைப் படித்து முடித்தாள். வருஷத்திலேயே பெரிய கைதட்டல் அன்றைக்குத்தான். நானும் தட்டினேன், ஈரக் கையோடு.

ஆனால் அம்மாசி நம்பவில்லை. ஜெயம்மாள் போய்ச் சொன்னதற்கு, "இன்னா, ஒரு வாரத்துல படிப்பு வந்துடுச்சா? டீசி குடுக்கக் கூடாதுன்னு டீச்சரு கதை உடுது" என்றாராம். காலாண்டுத் தேர்வு முடிந்த சாயங்காலம், சட்டை எல்லாம் கரும்புச் சோகை ஒட்டியபடி பள்ளிக்கு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, அக்கா வூட்ல சொல்லி வெச்சுட்டேன். காலைல பஸ்ஸு."

"ஒரு நிமிஷம்ணா. புள்ள படிக்கிறதக் கேட்டுட்டுப் போங்க."

ஜீவாவைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அம்மாசி கதவுக்கு நேராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று மகளையே பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. பயத்தோடு பார்ப்பது கோபமாகப் பார்ப்பதுபோலத்தான் இருக்கிறது. ஜீவா புத்தகத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வெளியே நின்ற ஜெயம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" என்றார் அம்மாசி. "நான் சொல்லல?"

டீச்சர் டஸ்டரை எடுத்து அம்மாசியின் கையில் வைத்தார்.

"அண்ணா, கொஞ்சம் போர்டத் தொடைங்க."

"இன்னாது?"

"தொடைங்கண்ணா, எட்டல எனக்கு."

அம்மாசி பலகையைப் பார்த்தார். அதில் ஒரு எழுத்துகூட இல்லை. "எதத் தொடைக்கிறது?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் டீச்சர் சொல்லிவிட்டாரே என்று திரும்பி நின்று, மாட்டைக் குளிப்பாட்டுகிறவர்போல அகலமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "ஓர் அணில் தன் குஞ்சுக்கு மெத்தை தேடிப் புறப்பட்டது…"

அம்மாசியின் கை நின்றது. டீச்சர் அவசரமாக, "நிறுத்தாதீங்கண்ணா, தொடைங்க" என்றார். அவர் மறுபடி தேய்த்தார். அணில் பருத்திக்காட்டுக்குப் போனது, இலவ மரத்துக்குப் போனது, கடைசியில் ஒரு பாட்டியின் கிழிந்த தலையணைக்கு வந்து சேர்ந்தது. ஜீவாவின் குரல் போகப் போகப் பெரிதானது. அணில் தும்மும் இடத்தில் அவளே ஒரு தும்மல் போட்டாள். அம்மாசியின் கை மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டு இருந்தது.

கதை முடிந்தது. அவர் திரும்பவில்லை.

"போதும்ணா, போர்டு தேஞ்சிடும்" என்றார் டீச்சர்.

"இன்னொன்னு படிக்கச் சொல்லுங்க" என்றார் அம்மாசி, பலகையைப் பார்த்தபடியே.

ஜீவா இன்னொரு கதை படித்தாள். அது முடிந்ததும் அவர் டஸ்டரைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணைத் துடைக்கப் போய் நெற்றியெல்லாம் சாக்பீஸ் ஆனது. வெளியே வந்து ஜெயம்மாளிடம், "அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிடு. லீவுக்குச் சும்மா வந்துட்டுப் போறோம்னு" என்றார். ஜெயம்மாள் அப்போதுதான் என் கையை விட்டாள்.

டீச்சர் அறையைப் பூட்டும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். "அரும்புன்னா ஒஸ்தின்னு எனக்கு ஏன்க்கா தோணல? எங்கம்மாவும் பூ பறிக்கப் போனவதான." அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

இப்போது ஜீவா நான்காம் வகுப்பு. பக்கத்து அறையில் இருக்கிறாள், அப்பா அம்மாவோடு வீட்டில் இருந்தபடியேதான் வருகிறாள். அம்மாசி லோடு இல்லாத நாளில் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அவளைப் படிக்கச் சொல்கிறார் என்று ஜெயம்மாள் சொன்னாள். இந்த வருஷப் பிள்ளைகளும் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்றுதான் பாயைச் சொல்கிறார்கள். கண்ணகி கிச்சடிக்கு வந்துவிட்டாள். கோகிலவாணி டீச்சர் கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பிப் பலகையைத் துடைக்கிறார்.